மச்சினன் வாங்காத கோல்கள்

குலசேகரத்து ரப்பர் எஸ்டேட் டீமின் கோல் கீப்பர் வைகுண்டராஜனுக்குத் தன் மச்சினன் தாணுலிங்கத்தைக் கண்டாலே ஆகாது. ஏன் என்று கேட்டால், அவன் தலை சீவுகிற விதத்தில் தொடங்கி சைக்கிளில் ஏறுகிற விதம் வரைக்கும் குறை சொல்வான். அதெல்லாம் சும்மா. உண்மையான காரணம் ஒன்றுதான். மச்சினனும் ஒரு கோல் கீப்பர். அவன் எதிராளியிடம் கோல் வாங்குவதில்லை.

வைகுண்டராஜன் வாங்குவான். தாராளமாகவே வாங்குவான்.

அவன் ஆட்டத்துக்கு வந்தது ஒரு விபத்தால். நாடு விடுதலை அடைந்த வருஷம் எஸ்டேட்டில் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிற கூலியாக இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் டீமின் கோல் கீப்பருக்கு மணிக்கட்டு முறிந்தது. வேறு ஆள் இல்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்களில் இவன்தான் நெட்டை. துரை கையைக் காட்டினார். கொண்டுபோய்க் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள். அன்றைக்கு அவன் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்து, மறுநாளே ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்துகிற புகைப்புரையில் மேஸ்திரி வேலை கொடுத்துவிட்டார்கள். மேஸ்திரி என்பது பேருக்கு. சம்பளம் பந்துக்கு. அது அவனுக்கும் தெரியும், கால் முட்டு தேய்ந்துபோனால் மறுபடியும் கத்தியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். அவனுக்கு முன்னால் இருந்த கோல் கீப்பர் இப்போது அங்கேதான் பால் வெட்டிக்கொண்டிருந்தான். தினமும் காலையில் அவனைக் கடந்துதான் வைகுண்டராஜன் வேலைக்குப் போனான்.

இரண்டு வருஷம் கழித்து மணவாளக்குறிச்சியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முத்துநாயகத்தின் மகள் சண்முகவடிவைக் கட்டினான். கல்யாணத்தின்போது தாணுலிங்கம் அப்பா கடையில் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்த பையன். பந்தென்றால் எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாது. பிறகு கடற்கரை மணல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயும் ஒரு டீம் இருந்தது. கருப்பட்டி நிறுத்த கை பந்து பிடிக்கக் கிளம்பியது. அதற்குப் பிறகு வைகுண்டராஜனுக்கு மாமனார் வீட்டுச் சோறு இறங்கவில்லை.

ஒருமுறை திருவனந்தபுரத்துக்குப் போய்ப் பட்டாளத்து டீமிடம் ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்த களைப்போடு மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மச்சினன். நெய்மீன் குழம்பு.

"மாப்பிளே, திருவனந்தபுரத்துல எத்தனை வாங்கினிய?" என்று மாமனார் கேட்டார். கேள்வியில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்குப் பலசரக்கும் பந்தும் ஒன்றுதான்.

"ஆறு."

"நம்ம பய இந்த வருசம் இன்னும் ஒண்ணுகூட வாங்கல்லியாம். கடைக்கு வாரவியளெல்லாம் சொல்லுதாவ."

மாமியார் சட்டியைத் துழாவி நடுத்துண்டத்தை எடுத்து மகன் இலையில் வைத்தாள். தாணுலிங்கம் உடனே அதை எடுத்து, "அத்தான் தின்னுங்க, நீங்கதான் அலைஞ்சு வந்திருக்கிய" என்று இவன் இலைக்கு மாற்றினான். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான் வைகுண்டராஜன். இந்த மரியாதைதான் அவனுக்குச் செரிக்கவில்லை.

"ஒண்ணும் வாங்கல்லே, சரி. யாரோட களிச்சே?" என்றான்.

"என்ன அத்தான்?"

"யாரோட களிச்சேன்னு கேட்டேன். பந்து ஒம் பக்கம் வந்தால்லா வாங்குகதுக்கு."

யாரோடு ஆடினாய் என்கிற அந்தக் கேள்வியே அன்றிலிருந்து அவன் பல்லவியாகிவிட்டது. மச்சினன் ஜெயித்தான் என்று எவன் வந்து சொன்னாலும், "யாரோட களிச்சான்?" நேருக்கு நேர் பார்த்தாலும் அதுதான். தாணுலிங்கம் சிரித்துக்கொண்டு தலையைச் சொறிவான். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்து வந்ததை வைகுண்டராஜன் கவனிக்கவில்லை. எரிகிறவனுக்கு அடுத்தவன் முகம் எங்கே தெரியும்?

ஒன்று சொல்ல வேண்டும். பொறாமையில் சொன்னானே தவிர, அவன் சொன்னது நியாயம். எஸ்டேட் துரைக்குப் பெரிய இடத்து டீம்களோடு மோதுவதுதான் கௌரவம். தோற்றாலும், 'பட்டாளத்தோடு ஆடித் தோற்றோம்' என்று கிளப்பில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம். துரையின் கௌரவத்துக்கு விலையாக வைகுண்டராஜன் பொதி பொதியாகக் கோல் வாங்கினான். மணல் கம்பெனி டீமோ சைக்கிள் போகிற தூரத்துக்குள் ஆடிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற டீம்.

அதுகூடப் போகட்டும். நம் ஊரில் ஒரு டீம் எப்போதும் ஒரே டீமாக இருப்பதில்லை. நாஞ்சில் நாட்டு வயற்காட்டு டீமை எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்பு முடிந்து நெல் பத்தாயத்துக்குப் போன பிறகு வந்தால் புலி. களத்தில் நெல் கிடக்கும்போது கூப்பிட்டால் வீட்டில் சும்மா இருக்கிற குமாஸ்தாக்களையும் புது மாப்பிள்ளைகளையும் அனுப்பிவைப்பார்கள். கடற்கரை டீமும் அப்படித்தான். கடல் கொந்தளித்துக் கட்டுமரம் இறக்க முடியாத நாட்களில் கரையில் உள்ள இளவட்டமெல்லாம் மணலில் பந்து அடித்தே கிடக்கும். அப்போது அவர்களோடு மோதினால் நெஞ்செலும்பு பத்திரமில்லை. கரையில் நின்று இழுக்கிற கரமடி வலையில் சாளை மீன் அள்ளிக்கொண்டு வரும் நாட்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். வருகிறவர்களாலும் மடி இழுத்த அலுப்பில் காலைத் தூக்க முடியாது.

அந்த வருஷமே கடற்கரை டீமோடு இரண்டு பேரும் ஆடினார்கள். கடல் கொந்தளித்துக் கிடந்த வாரத்தில் எஸ்டேட் போய் நாலு கோல் வாங்கியது. சாளை பட்ட வாரத்தில் மணல் கம்பெனி போய் மூன்று கோல் அடித்துவிட்டு வந்தது. ஊர் முழுக்க ஒரே பேச்சு: வைகுண்டராஜனுக்கு நாலு போட்ட டீம் தாணுலிங்கத்துக்கு ஒன்றுகூடப் போடவில்லை.

"ஏட்டி, சாளை பட்டதை ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கானே!" என்று வீட்டில் குதித்தான்.

சண்முகவடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எந் தம்பி நல்லா களிச்சா ஒங்களுக்கு வயித்தெரிச்சல்."

"வயித்தெரிச்சல்தான். ஆருக்கு இல்லேங்கேன்? ஆனா நான் சொல்லுகது நெசமா இல்லியா, அதைச் சொல்லு."

"நெசமா இருந்தாலும் ஒங்க வாயால வரும்போது கசக்கு" என்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேருமா சேராதா என்று காப்பிக் கடைதோறும் சண்டை நடந்துகொண்டிருந்தது. வைகுண்டராஜன் காதில் அது எதுவும் ஏறவில்லை. திருவனந்தபுரத்து மில் ஒன்று தன் டீமுக்குக் கோல் கீப்பர் தேடுகிறது என்ற செய்தி வந்திருந்தது. பந்து விளையாடுகிற வரைக்கும் பந்து, அதற்குப் பிறகும் மில்லிலேயே நிரந்தர வேலை, குடியிருக்க வீடு. முட்டு போனாலும் மரத்தடிக்குப் போக வேண்டாம். வைகுண்டராஜனுக்கு முப்பது தாண்டியிருந்தது. குனிந்து நிமிரும்போதெல்லாம் இடது முட்டு சத்தம் போட்டது. இன்னொரு தடவை இப்படி ஒரு வாய்ப்பு வராது. மில் டீம் மேனேஜர் ஆபேல் நாகர்கோவில் டூர்னமெண்டுக்கு வந்து பார்த்து ஆளைப் பொறுக்குவார் என்றார்கள். பேச்சில் அடிபட்டவர்கள் இரண்டே பேர். இவன், அப்புறம் இவனுடைய மச்சினன்.

டூர்னமெண்ட் தொடங்குவதற்கு முன்னால் வைகுண்டராஜன் ஆபேல் தங்கியிருந்த இடத்துக்கே போய்விட்டான். ஆபேல் மார்த்தாண்டத்துக்காரர், கட்டையான ஆள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார்.

"சார், எத்தனை வாங்கினான்னு பாக்காதிய. ஆருகிட்ட வாங்கினான்னு பாருங்க. எப்போ வாங்கினான்னும் பாருங்க" என்று தொடங்கி, அறுப்பையும் சாளையையும் கடலையும் பட்டாளத்தையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தான். மச்சினன் பெயரைச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நாசூக்கு இருந்தது.

ஆபேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "நான் இத்தனை காலமா எண்ணிக்கையைத்தான் பாத்துட்டிருந்தேன். நீரு சொல்லுகதுல நியாயம் இருக்கு ஓய். அப்படியே பாக்கேன்."

வைகுண்டராஜன் தரையில் கால் படாமல் வீடு வந்தான். சண்முகவடிவிடம் மில் வீட்டின் அடுக்களையைப் பற்றியே பேசினான், ஏதோ போய்ப் பார்த்துவிட்டு வந்தவனைப்போல.

டூர்னமெண்டில் நாலு டீம் அரையிறுதிக்கு வந்தது. புதன்கிழமை எஸ்டேட்டும் கடற்கரையும். சனிக்கிழமை மணல் கம்பெனியும் திருவனந்தபுரத்துப் பட்டாளமும். அதற்கு அடுத்த வாரம் இறுதி ஆட்டம். ஆபேல் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டியவர். அன்றைக்கே முடிவைச் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருந்தார். சீட்டு விழுந்ததைக் கேட்டதும் வைகுண்டராஜனுக்கு உள்ளுக்குள் குதூகலம். மச்சினன் பட்டாளத்தோடு மோதப் போகிறான். பார்த்துவிடலாம், ஒன்றும் வாங்காத யோக்கியதையை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடற்கரை டீம் கேப்டன் யேசுரத்தினம் குலசேகரத்துக்கே வந்து வீட்டு வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது, வேட்டியில் மீன் வாடை. சண்முகவடிவு திண்ணையில் உட்காரச் சொல்லிக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தான்.

"அண்ணே, கரையில சாளை ஏறிக் கெடக்கு. ராவும் பகலும் மடி இழுக்கானுவ. எங்க பயலுவ ஒருத்தனாலயும் நிக்க முடியல்லே. ஆட்டத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளணும். ரெண்டு நாளு. நீங்க சம்மதிச்சா போதும்னு கமிட்டி செக்ரட்டரி முத்துக்குமாரசாமி அண்ணாச்சி சொல்லிட்டாவ."

அது இந்தப் பக்கத்து வழக்கம்தான். அறுப்புக்கும் மீனுக்கும் ஆட்டம் ஒதுங்கிக் கொடுக்கும்; எதிர் டீம் கேப்டன் சரி என்றால் போதும். வைகுண்டராஜன்தான் கேப்டன். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் யோசிக்காமல் சரி என்றிருப்பான்.

அவன் யோசித்தான். வெள்ளிக்கிழமை என்றால் கடற்கரை முழு பலத்தோடு வரும். நன்றாக ஆடினால் ஆபேல் பார்ப்பார். ஆனாலும் ஒன்றோ இரண்டோ உள்ளே போகும். புதன் என்றால் ஒன்றும் போகாது. ஒன்றும் வாங்காமல் ஒரு ஆட்டம்! மாமனார் கடையில் உட்கார்ந்து, 'மாப்பிளே ஒண்ணும் வாங்கல்லே' என்று சொல்ல, மாமியார் சட்டியைத் துழாவ, மச்சினன் நாலோ ஐந்தோ வாங்கிக்கொண்டு வந்து தலையைக் குனிந்து உட்கார... அந்தக் காட்சி வந்ததும் வேறு எதுவும் மண்டையில் நிற்கவில்லை. ஊர் ஊராகத் தானே சொல்லித் திரிந்த நியாயம்கூட நிற்கவில்லை.

"தேதின்னா தேதிதான் யேசுரத்தினம். எங்களுக்கும் எஸ்டேட்ல வேலை கெடக்கு" என்றான்.

யேசுரத்தினம் காலி டம்ளரைக் கீழே வைத்தான். "செரி அண்ணே" என்று எழுந்து போனான்.

"ரெண்டு நாளுல என்ன கொறஞ்சு போவும்?" என்றாள் சண்முகவடிவு.

"நீ சும்மா கெட" என்றான்.

புதன்கிழமை கடற்கரைக்காரர்கள் பத்துப் பேராக வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் இடைவேளையில் புல்லில் படுத்து அப்படியே தூங்கிவிட்டார்கள். எஸ்டேட் ஏழு கோல் அடித்தது. ஆட்டம் முழுக்க வைகுண்டராஜனைத் தேடி ஒரே ஒரு பந்து வந்தது, அதுவும் உருண்டு. குனிந்து எடுத்தான், முட்டு சத்தம் போட்டது. ஆபேல் இடைவேளைக்குப் பிறகு நாற்காலியில் இல்லை. வைகுண்டராஜன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் வாங்கவில்லை என்பதை நாலு பேருக்குச் சொல்லி முடிக்கவே அவனுக்குப் பொழுது சரியாக இருந்தது.

சனிக்கிழமை மச்சினன் வாங்குவதைக் கண்குளிரப் பார்க்கப் புறப்பட்டான். புகைப்புரை வேலை முடிந்து பஸ் பிடித்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. பாதி ஆட்டம் போயிருக்கும் என்று பதறிக்கொண்டு ஓடிவந்தால், அப்போதுதான் தொடங்குகிறார்கள். பட்டாளத்து லாரி தக்கலையில் நின்றுவிட்டதாம், இப்போதுதான் வந்ததாம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் கோல் விழுந்தது. மனசுக்குள் ஒன்று என்றான். இரண்டு. மூன்று. நான்காவது விழுந்தபோது வாய்விட்டே எண்ணிவிட்டான். பக்கத்தில் நின்றவர் எரிந்து விழுந்தார்: "நாலு போனதை எண்ணுதீரே வேய், அவன் பிடிச்சதை எண்ணினீரா?"

எண்ணவில்லைதான். பிறகு வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். பட்டாளத்துக்காரன்கள் வரிசையாக வந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். தாணுலிங்கம் இடம் பாய்ந்தான், வலம் பாய்ந்தான், காலில் விழுந்து பந்தைப் பறித்தான்; நெற்றி கிழிந்து ரத்தம் வடிந்தது. ஊர் எழுந்து நின்று கத்தியது. ஆட்டத்தில் தோற்றவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மச்சினனுக்கு உண்மையாகவே ஆட்டம் தெரியும் என்பதை வைகுண்டராஜன் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அது அவனுக்கு ஆறு கோலை விடக் கனமாக இருந்தது.

ஆபேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இவன் கையைப் பிடித்தார். முகத்தில் நல்ல சந்தோஷம். "ஓய், உம்ம கணக்குதான் சரி. எண்ணிக்கையை மட்டும் பாத்திருந்தா உம்மைத்தான் எடுத்திருப்பேன். அந்த ஏழுக்கு ஒண்ணுமில்லைங்கிறது ஒரு ஆட்டமா? நாலு வாங்கினாலும் இதுதான் ஆட்டம். தாணுலிங்கத்தைக் கூட்டிட்டுப் போறேன்." சொல்லிவிட்டு அன்று மாலையே பஸ் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் இறுதி ஆட்டம். எஸ்டேட்டும் பட்டாளமும். வைகுண்டராஜன் பிறந்ததிலிருந்து ஆடாத ஆட்டம் ஆடினான். முட்டு வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மச்சினனுக்கு நாலு போட்ட அதே பட்டாளம் இவனுக்கு இரண்டுதான் போட முடிந்தது. எஸ்டேட் தோற்றாலும் ஆட்டம் முடிந்து ரெஃபரியே வந்து முதுகில் தட்டினார். ஆபேலின் நாற்காலியில் யாரோ ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் பார்க்க வந்த தாணுலிங்கம், நெற்றியில் கட்டோடு, அக்கா வீட்டுக்கும் வந்தான். அத்தானும் மச்சினனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோற்றைப் பிசைந்தபடி வைகுண்டராஜன் சொன்னான்: "நான் ரெண்டுதான் வாங்கினேன்."

"நான்தான் பாத்தேன்லா அத்தான். உள்ளதைச் சொல்லுதேன், என்னைவிட நீங்கதான் பெரிய கோல் கீப்பர். ஆபேல் சார் ஒரு வாரம் இருந்திருந்தா ஒங்களைத்தான் கொண்டு போயிருப்பாரு."

இந்த வார்த்தைக்காகத்தான் வைகுண்டராஜன் இத்தனை வருஷம் தவம் கிடந்தான். வந்தது. இவன் வாயிலிருந்தா வர வேண்டும்?

"அன்னிக்கு லாரி வரல்லே பாத்துக்கிடுங்க" என்று மச்சினன் தொடர்ந்தான். "அரை மணிக்கூறு கழிஞ்சதும் நாங்க ஜெயிச்சாச்சுன்னு முத்துக்குமாரசாமி அண்ணாச்சி சொல்லிட்டாவ. பயலுவெல்லாம் துள்ளுதானுவ. நான்தானே கேப்டன், என்னைக் கேட்டாவ. எனக்கும் பேசாம ஜெயிச்சுட்டுப் போயிரலாம்னுதான் இருந்து. அப்பம் ஒங்க முகம் ஞாபகம் வந்து அத்தான். வீட்டுக்கு வந்தா கேப்பியளே, யாரோட களிச்சேன்னு. எத்தனை வருசமா கேக்கிய! ராத்திரி உறக்கத்துலகூட அதுதான் கேக்கும். அதான், லாரி வரட்டும், எவ்வளவு நேரமானாலும் நிக்கோம்னு சொல்லிட்டேன்."

வைகுண்டராஜன் பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தான்.

சண்முகவடிவு தம்பிக்குக் குழம்பு ஊற்றினாள். புருஷன் இலைக்கு வந்தபோது கரண்டியோடு குனிந்தாள். தம்பிக்குக் கேட்காத குரலில், "யேசுரத்தினம் ரெண்டு நாளுதானே கேட்டாரு" என்றாள்.